யார் காசு, யார் முகம்?

போட்டோவைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகையினர் கண்டுபிடித்தவன் பெயர், வருடம், லென்ஸ், ரசாயனம் என்று அடுக்கிவிட்டு மேதைகளின் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு வகையினருக்குக் கேமரா என்றாலே அதிகாரத்தின் கண். 'பார்வை', 'மற்றமை', 'சொல்லாடல்' என்ற மூன்று வார்த்தைகளைச் செக்குமாடு மாதிரி சுற்றிச்சுற்றி வருவார்கள். இந்த இரண்டு தரப்பும் கண்டுகொள்ளாத ஆள் ஒருத்தர் உண்டு. கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுகிற ஸ்டுடியோக்காரர். படம் எடுக்கக் காசு கொடுத்தது யார், எடுத்த படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போனது யார் என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கெல்லாம் இப்ப எதுக்கு என்று கேட்கலாம். சேரி வீடுகளில் ஸ்டுடியோவில் எடுத்த பழைய படம் ஒன்றிரண்டு தொங்கும். கோட்டு மாட்டிக்கிட்டு, பக்கத்துல இருக்கிற பூந்தொட்டி ஸ்டூல்மேல ஒரு கையை வச்சுக்கிட்டு, சிரிக்காம நிக்கிற தாத்தா. நம்ம தோழர்களே அதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. "பாருங்க, ஆண்டை மாதிரியே நிக்கிறாரு" என்கிறார்கள். கொஞ்சம் படித்த தோழராக இருந்தால் 'போலச்செய்தல்' என்று அதற்கு ஒரு பேரும் வைத்துவிடுவார். அம்பேத்கரின் கோட்டையும் டையையும் பற்றி இதே பேச்சைப் பேசிய பெரிய மனிதர்கள் உண்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இந்தப் பேச்சுக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி இருக்கிறார். ரோலான் பார்த். நம்ம ஊர் விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பிரெஞ்சுக்காரர். புகைப்படத்தைப் பற்றி அவர் எழுதிய 'கேமரா லூசிடா' 1980இல் வந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்ற கறுப்பர் 1926இல் எடுத்த குடும்பப் படம் ஒன்றை அதில் எடுத்துப் பேசுகிறார். ஒரு ஆண், இரண்டு பெண்கள், நல்ல உடுப்பு. பார்த் அவர்களுக்கு அதில் என்ன தெரிகிறது? வெள்ளைக்காரனின் லட்சணங்களை வரித்துக்கொள்ள இவர்கள் பாடுபடுகிறார்களாம். அந்த வெகுளித்தனம் அவர் மனசைத் தொடுகிறதாம். வெகுளியாம்! பிறகு ஒரு பெண்ணின் இடுப்புப் பட்டை, வார் வைத்த செருப்பு என்று நுணுக்கமாகப் போகிறார். சில பக்கங்கள் தள்ளி வந்து, தன்னை உண்மையில் குத்தியது அவள் கழுத்தில் கிடந்த மெல்லிய தங்கச் சங்கிலிதான் என்கிறார். தன் அத்தையின் சங்கிலி ஞாபகத்துக்கு வந்துவிட்டதாம். படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கழுத்தில் கிடப்பது முத்துமாலை. இதை அமெரிக்க விமர்சகர்களே பின்னால் சுட்டிக்காட்டிவிட்டார்கள். கறுப்புப் பெண்ணின் கழுத்தைப் பார்க்கச் சொன்னால் மனுஷன் தன் வீட்டு நகைப்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அவருடைய ஞாபகமறதி எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்தக் குடும்பம் ஒரு கடைக்குள் நுழைந்து, தன் காசைக் கொடுத்து, உட்கார்ந்து, படத்தை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்தப் பக்கங்களில் இதற்கு இடமே இல்லை. அதனால் அதற்கும் முக்கால் நூற்றாண்டு முந்தி, போட்டோத் தொழில் பிறந்து பத்துப் பதினைந்து வருஷமே ஆன காலத்தில், ஒரு கறுப்பர் நடத்திய கடைக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஊர் சின்சினாட்டி. 1850 கணக்கெடுப்பில் 1,15,000 பேருக்கு மேல் இருந்த நகரம். அமெரிக்காவில் ஆறாவது பெரியது. பன்றிக்கறி வியாபாரத்தில் கொழுத்த ஊர் என்பதால் பன்றியின் பெயரிலேயே அதற்கு ஒரு பட்டப்பெயர். தெற்கே ஒஹையோ நதி. இக்கரையில் அடிமைமுறை இல்லாத ஒஹையோ மாநிலம், அக்கரையில் அடிமைகளை வைத்து வேலைவாங்கிய கென்டக்கி. இக்கரையில் சுதந்திரம் பூத்துக் குலுங்கியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1829, 1836, 1841 என்று மூன்று தடவை வெள்ளைக் கும்பல் கறுப்பர் குடியிருப்புகளுக்குள் புகுந்து அடித்திருக்கிறது. ஊர் நடுவே கூட்டம் கூடிச் சேரிக்குள் புகுவது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1850இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. 1856 ஜனவரியில் உறைந்து கிடந்த நதியை நடந்தே கடந்து வந்த மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது தன் மகளைத் தன் கையாலேயே கொன்றது இந்த நகரத்தில்தான். டோனி மாரிசன் 1987இல் வெளியிட்ட 'பிலவட்' நாவலுக்கு வித்து அந்தச் சம்பவம்.

இப்படிப்பட்ட ஊரில், வசதியான வெள்ளைக் குடும்பங்கள் வந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட பெரிய ஸ்டுடியோ ஒன்றின் முதலாளி கறுப்பர். பெயர் ஜேம்ஸ் பிரெஸ்லி பால். 1825இல் வர்ஜீனியாவில், அடிமையாக அல்லாமல் சுதந்திரமானவராகவே பிறந்தவர். 1845இல், இருபது வயதில், பாஸ்டனைச் சேர்ந்த ஜான் பெய்லி என்ற இன்னொரு கறுப்பரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டார். டாகேர் தன் முறையைப் பாரிசில் உலகத்துக்கு அறிவித்தது 1839இல். ஆறே வருஷத்தில் அந்தத் தொழில் ஒரு கறுப்புக் கையிலிருந்து இன்னொரு கறுப்புக் கைக்கு மாறிவிட்டது. போட்டோ வரலாறுகளில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அதே வருஷம் சின்சினாட்டியில் ஒற்றை அறையில் கடை போட்டார். ஓடவில்லை. மொத்தம் வந்தது இரண்டே பேர், அதிலும் ஒருத்தர் கடன். பிறகு அடிமைச் சந்தைக்குப் பேர்போன ரிச்மண்டுக்குப் போய், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, மறுபடி கடை போட்டார். அங்கே கூட்டம் வந்தது. ஒரு தெருவில் மனுஷனை ஏலம் போடுகிறார்கள், இன்னொரு தெருவில் ஏலம் போடுகிற சாதியில் பிறந்தவர்கள் ஒரு கறுப்பன் முன்னால் அசையாமல் உட்கார்ந்து தங்கள் முகத்தைப் பிடித்துத் தரச் சொல்கிறார்கள். சந்தை அப்படித்தான் இருக்கும். 1849 வாக்கில் சின்சினாட்டிக்குத் திரும்பினார். சில வருஷங்களில் அவருடைய கடை, 'மேற்கின் மகத்தான டாகேரியன் காலரி' என்ற பெயர்ப்பலகையோடு நிமிர்ந்து நின்றது.

பாஸ்டனில் வெளியான 'க்ளீசன்ஸ்' என்ற படப்பத்திரிகை 1854 ஏப்ரல் 1 இதழில் இந்த ஸ்டுடியோவைப் படம்போட்டு வர்ணித்தது. வரவேற்பறை இருபது அடி அகலம், நாற்பது அடி நீளம். பியானோ, பெரிய கண்ணாடிகள், தேவதைச் சிலைகள். சுவரில் அவர் எடுத்த 187 படங்கள். ராபர்ட் டங்கன்சன் என்ற கறுப்பு ஓவியர் வரைந்த இயற்கைக் காட்சிகள் ஆறு. ஒன்பது ஆட்கள் வேலைக்கு, ஆளுக்கொரு தனிப் பிரிவு. சுவருக்கு ஒட்டிய காகிதம் தங்க விளிம்பும் பூவும் வைத்தது, நிறம் சதைநிறம்.

இந்தச் சதைநிறத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். யாருடைய சதை? அந்தப் பத்திரிகைக்காரனுக்கு அது கேள்வியே இல்லை. சதை என்றால் வெளுத்த சதைதான். அந்த நிறத்துச் சுவருக்கு நடுவே நின்றுகொண்டு கறுப்பு முதலாளி வாடிக்கையாளரை வரவேற்கிறார். பால் செய்த சமரசம் அந்தச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. காசுள்ளவன் வெள்ளைக்காரன், அவன் கண்ணுக்குப் பிடித்த மாதிரிதான் கடையைச் சோடிக்க வேண்டும். நம்ம ஊர் டவுன் ஸ்டுடியோவில் நெகட்டிவ்மேல் பென்சிலால் 'டச்சிங்' போட்டு முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தார்களே, அதுவும் இதே வியாபாரம்தான். இதை மூடிமறைத்து பாலைப் புரட்சிக்காரராக்கி மாலை போட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த வெள்ளைக்காரனின் காசு வேறொரு வழியாகவும் வெளியே வந்தது. 1855இல் பால், கறுப்பு ஓவியர்களை வைத்து 600 கஜம் நீளத்துக்கு ஒரு திரைச்சீலை தீட்டவைத்தார். ஆப்பிரிக்கக் கிராமம், ஆள்பிடிப்பு, கப்பல், தோட்டத்தில் உழைப்பு, கனடாவுக்குத் தப்பியோட்டம். சுருளைச் சுற்றச்சுற்றக் காட்சி நகரும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாஸ்டனிலும் காட்டினார்கள். சினிமாவுக்கு நாற்பது வருஷம் முந்தி, அடிமை வியாபாரத்தின் கதையைச் சுருளாகச் சுற்றிக் காட்டியது போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்த காசு. சதைநிறச் சுவரையும் இந்தச் சீலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்தக் கடையைப் பார்க்க முடியும். 1860 மே மாதச் சூறாவளியில் ஸ்டுடியோ நொறுங்கியபோது வெள்ளை வாடிக்கையாளர்களும் உதவி செய்து மறுபடி எழுப்பிக் கொடுத்தார்கள். மைத்துனர் அலெக்சாண்டர் தாமசோடு சேர்ந்து அந்தத் தொழில் தொடர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். டாகேரோடைப் என்பது வெள்ளிமுலாம் பூசிய செப்புத் தகடு. முதலில் தேய்க்க வேண்டும், முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகும்வரை. அப்புறம் இருட்டில் அயோடின் ஆவி, புரோமின் ஆவி. தகடு கேமராவுக்குள் போகும். உட்கார்ந்தவரின் பிடரியில் இரும்புக் கவ்வி, தலை ஆடக்கூடாது. கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம். சில வினாடிகள். பிறகு பாதரசத்தைச் சூடாக்கி ஆவியில் காட்டினால் தகட்டில் முகம் எழும்பி வரும். கடைசியில் தங்க உப்புக் கரைசலில் ஒரு முக்கு. வேண்டுமென்றால் மெல்லிய தூரிகையால் கன்னத்துக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள். டங்கன்சனே அந்தக் கடையில் இந்த வேலை பார்த்திருக்கிறார். கண்ணாடி மூடி, வெல்வெட் வைத்த சின்னப் பெட்டிக்குள் அடைத்துக் கையில் கொடுப்பார்கள். பாதரச ஆவியை தினசரி மூச்சில் இழுத்தவர்களைப் பற்றிக் கலை வரலாற்றுக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் வேலைசெய்த நம்மாளுங்களுக்கு அந்த வாடை புரியும்.

இந்த ரசாயனக் கை அடுத்த தலைமுறைகளுக்கும் போயிருக்கிறது. பாலின் பேத்தி ஆலிஸ் பால் வேதியியல் படித்து, 1915இல் ஹவாய்க் கல்லூரியில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் பெண், முதல் கறுப்பர். குஷ்டநோய்க்கு நம் நாட்டிலும் வைத்தியர்கள் கொடுத்துவந்த சால்மூக்ரா எண்ணெயை (நம்ம நீரடிமுத்து அந்தக் குடும்பத்து மரம்தான்) ஊசிவழியாக உடம்பு ஏற்கும்படி மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். 1916இல், 24 வயதில் செத்துப்போனார். கல்லூரித் தலைவர் அந்த முறையை அவர் பெயரைச் சொல்லாமலே வெளியிட, அது கொஞ்சகாலம் அந்த ஆளின் பெயரிலேயே வழங்கியது. தாத்தா ஒவ்வொரு படத்திலும் தன் பெயரைப் பொறித்து விற்றார். பேத்தியின் பெயரைப் பல்கலைக்கழகம் ஒரு பலகையில் பொறிக்க 2000ஆம் ஆண்டு ஆனது.

டாகேரோடைப்பில் முக்கியமான ஒரு சங்கதி உண்டு. நெகட்டிவ் கிடையாது. ஒரு முகத்துக்கு ஒரே தகடு. அதைக் காசு கொடுத்தவர் வாங்கிக்கொண்டு போய்விட்டால் கடைக்காரரிடம் பிரதி இல்லை. அதனால் காசு கொடுத்தது யார் என்ற கேள்வியில் எல்லாமே அடங்கிவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் அதே காலத்திலேயே இருக்கிறது. 1850 மார்ச், தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியா. அங்கே ஜோசப் ஸீலி என்ற வெள்ளைக்காரர் குடும்பப் படங்கள் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஒருநாள் அவருக்கு வேறுமாதிரி ஆர்டர் வந்தது. மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று நிரூபிக்கத் துடித்த ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசிக்காக, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஏழு அடிமைகளைக் கூட்டிவந்தார்கள். ரெண்டி, டீலியா, ஜாக், டிரானா, ஆல்பிரட், பாசெனா, ஜெம். ஆண்களும் பெண்களும். துணியை அவிழ்க்கச் சொல்லி முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்தார்கள். அதே தகடு, அதே பாதரசம், அதே வெல்வெட் பெட்டி. பெட்டியில் ஒட்டிய சீட்டில் பெயர், ஆப்பிரிக்காவில் எந்த இனம், எந்த முதலாளியின் தோட்டம். தகடுகள் ஹார்வர்டுக்குப் போய், 1976இல் அங்குள்ள பீபாடி அருங்காட்சியகப் பரணிலிருந்து வெளிவந்தன. ரெண்டியின் வம்சாவளி என்று சொல்லும் ஒரு பெண்மணி 2019இல் வழக்குப் போட்டார். படம் எங்கள் தாத்தாவுடையது, கொடு என்றார். 2025 மே மாதம்தான், தகடுகளை விட்டுக்கொடுத்து, சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அனுப்ப ஹார்வர்டு சம்மதித்தது. 175 வருஷம்.

நம்மையும் இப்படி எடுத்தார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்', 1909இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள். சாதிப் பெயர்தான் அடையாளம், ஆளுக்குப் பெயர் கிடையாது. அந்தப் பக்கங்களில் கேமரா அதிகாரத்தின் கண் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸீலியின் கேமராவும் பாலின் கேமராவும் ஒரே கண்ணாடி. ஸீலியின் கடையிலேயே முந்தினநாள் வந்த வெள்ளைச் சீமாட்டியின் பிடரியிலும் அதே இரும்புக் கவ்விதான் இருந்திருக்கும். அவள் தன் தகட்டை எடுத்துக்கொண்டு போனாள், டீலியாவின் தகட்டை வேறொருவன் எடுத்துக்கொண்டு போனான். 'பார்வை' என்று பக்கம்பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை எழுதட்டும்.

காகிதப் படம் வந்தபின் கணக்கு இன்னும் சிக்கலானது. 1850களின் கடைசியில் நெகட்டிவ் முறை ஊன்றியது. நெகட்டிவ் கடைக்காரரிடம் தங்கிவிடும், எத்தனை காப்பி வேண்டுமானாலும் போட்டு விற்கலாம். நியூயார்க்கின் பிரபலமான ஸ்டுடியோக்காரர்கள் பெரிய மனிதர்களை ஓசியில் எடுத்துவிட்டு அட்டைப் படங்களாக விற்றுச் சம்பாதித்தார்கள். இந்த வியாபாரத்தின் முடிச்சை நன்றாகப் புரிந்துகொண்டவர், எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கறுப்பு மூதாட்டி. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று ஊர் ஊராய்ப் பேசிய சொஜர்னர் ட்ரூத். கையில் பின்னல் ஊசியும் நூலுமாய்க் கம்பீரமாக உட்கார்ந்து எடுத்த தன் படத்தின் உரிமையை 1864இல் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். அந்தக் காலத்தில் உரிமை ஸ்டுடியோக்காரருக்குப் போவதுதான் வழக்கம். உடம்பைக் காப்பாற்ற நிழலை விற்கிறேன் என்ற பொருளில் ஒரு வரியையும் கீழே அச்சிட்டு, கூட்டங்களில் விற்றுச் சாப்பிட்டார். ஒருகாலத்தில் அவர் உடம்பை விற்றவன் வேறு ஆள். நிழலை விற்றது அவரே. இவரைப் போய் எந்தக் கோட்பாட்டுக்காரன் வெகுளி என்று சொல்லுவான்?

பிரெடரிக் டக்ளஸும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகம் படம் எடுத்துக்கொண்டவர் அவர்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 160 படம். ஆபிரகாம் லிங்கன்கூட அவ்வளவு இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்தபின் பாலின் ஸ்டுடியோவிலும் போய் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை ஓவியன் கறுப்பனை வரைந்தால் உதட்டையும் மூக்கையும் ஊதிப் பெருக்குகிறான் என்று 1849லேயே தன் பத்திரிகையில் எழுதியவர், 1861இல் பாஸ்டனில் படங்களைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவே செய்தார். அசட்டுச் சிரிப்போடு பல்லைக் காட்டும் கறுப்பனை வெள்ளைக்காரன் வரைந்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில், டக்ளஸ் கேமரா முன்னால் சிரிக்க மறுத்தார். நல்ல கோட்டு, முறைத்த கண். நம்ம வீட்டுச் சுவர் தாத்தாவும் சிரிக்கவில்லை என்பதைத் தோழர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளணும்.

அந்தக் கோட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்க பெரியப்பா சொன்னது. 1960களின் கடைசி. தாலுகா டவுனில் ஒரே ஒரு ஸ்டுடியோ. உள்ளே கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. ஊர்க்காரன் வந்தால் கோட்டை எடுத்து மாட்டிக்கலாம், அதுக்குத் தனிக் காசு இல்ல. எங்க தெரு ஆளுங்க போனா, "எந்த ஊருப்பா, எந்தத் தெரு?" தெருப் பேரைச் சொன்னதும் கோட்டும் கிடையாது, சீப்பும் கிடையாது. "சட்டையோட நில்லு, நல்லாத்தான் இருக்கும்." பெரியப்பாவும் கூட்டாளிங்க மூணு பேரும் திரும்பி வந்துட்டாங்க. ஒரு அறுப்பு முடிஞ்சு கூலி வந்ததும் நாலு பேரும் பங்கு போட்டு, டெய்லர்கிட்ட ஒரு கோட்டு தைச்சாங்க. சீப்பு சொந்தச் சீப்பு. அதே ஸ்டுடியோவுக்குப் போயி, ஒருத்தன் எடுத்துட்டு வந்ததும் அடுத்தவன் மாட்டிக்கிட்டு, நாலு பேரும் நாலு படம் எடுத்தாங்க. எங்க தெருவில் நாலு வீட்டுச் சுவரிலும் ஒரே கோட்டு இருந்தது. பெரியப்பாவுக்குத் தோளில் தொங்கும், இன்னொருத்தருக்குப் பொத்தான் போட வராது. ஆண்டையைப் போலச்செய்தல் என்று இதைப் படிக்கிறவருக்குப் பொத்தான் போடாத அந்தக் கோட்டு கண்ணில் பட்டிருக்காது. நாலு பேரும் டவுனுக்குள் போய்த் தங்களுக்கு இல்லை என்று சொன்ன ஒன்றைத் தங்கள் கூலியில் வாங்கிவந்தார்கள். ஸ்டுடியோக்காரர் காசை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டுடியோத் தொழிலில் இன்னொரு வருமானமும் உண்டு. பிணம். அமெரிக்காவில் கறுப்பர்களை அடித்துத் தூக்கில் போட்ட கும்பல்களின் படங்களை எடுத்தவர்கள் பலரும் அந்தந்த ஊர் ஸ்டுடியோக்காரர்களே. இந்தியானா மாநிலம் மேரியனில் 1930 ஆகஸ்ட் 7 அன்று இரண்டு கறுப்பு இளைஞர்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டபோது லாரன்ஸ் பைட்லர் என்ற ஸ்டுடியோக்காரர் படம் எடுத்தார். காப்பி 50 சென்ட் என்று ஆயிரக்கணக்கில் விற்றது. அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிற முகங்கள், கீழே நின்று சிரிக்கிற வெள்ளைக்காரர்களுடையவை. காசு கொடுத்து வாங்கியவர்களும் அவர்களே.

இதைப் பக்கத்தில் வைத்து பாலின் கடைசிக் காலப் படங்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். சின்சினாட்டியை விட்டுப் பல ஊர் அலைந்து, 1887இல் மொன்டானாவின் ஹெலனா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் ஸ்டுடியோ. அங்கே வில்லியம் பிகர்ஸ்டாப் என்ற கறுப்பர், அடிமையாகப் பிறந்தவர், ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு 1896 ஏப்ரல் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். கும்பல் செய்ததல்ல, கோர்ட்டு செய்தது. பால் எடுத்த முதல் படத்தில் பிகர்ஸ்டாப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் கை. கோட்டு மடிப்பில் ஒரு பூ. இரண்டாவதில் கயிற்றில் தொங்குகிறார், பக்கத்தில் ஒருபுறம் பாதிரியார், ஒருபுறம் ஷெரீப். மூன்றாவதில் சவப்பெட்டியில் கிடக்கிறார். நடுப்படம் மட்டும் இருந்திருந்தால் அது அரசாங்கத்தின் ஆவணம். அவ்வளவுதான். எழுபது வயதுக் கறுப்பு ஸ்டுடியோக்காரர் அதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வைத்தார். பூ வைத்த படத்தைப் பார்த்துவிட்டு நடுப்படத்துக்கு வருகிற கண், முகமூடிக்குள் இருக்கிற முகத்தைத் தேடுகிறது. மேரியன் படத்தில் இப்படித் தேட வழியில்லை. அதை எடுத்தவனுக்கு அந்த இளைஞர்கள் எந்நாளும் வாடிக்கையாளர்கள் இல்லை.

வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மையறியும் குழுவோடு போய்வருகிறவர்களுக்கு இது புத்தகச் சங்கதி கிடையாது. போலீஸ், பிணத்தைப் படம் எடுக்க டவுனிலிருந்து ஸ்டுடியோக்காரரைத்தான் கூப்பிடும். அந்தப் படம் கேஸ் கட்டுக்குள் போகும், நமக்குக் கிடைப்பதற்குள் நாய் படாத பாடு. மறுநாள் பத்திரிகைக்காரர் வந்து, "செத்தவர் போட்டோ இருக்கா?" என்பார். பெரும்பாலும் ரேஷன் கார்டிலோ ஓட்டர் அட்டையிலோ இருக்கிற, முகம் தெரியாத கட்டம்தான் இருக்கும்.

ஒரு ஊரில் இருந்தது. கொல்லப்பட்ட பையனின் அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, லேமினேட் பண்ணின படம் ஒன்றை எடுத்துவந்தார். ஐ.டி.ஐ. சேர்ந்தப்ப எடுத்தது. கோட்டு, டை. அந்தக் கோட்டு ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒட்டியது, கழுத்துக்கிட்ட கொஞ்சம் பிசிறு தெரிந்தது. குழுவில் வந்த ஒரு தோழர், "வீட்ல சாதாரணமா இருக்கிற மாதிரி படம் ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்மா" என்றார். அந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதான் சார் போடணும். இத அவன் கேட்டு எடுத்தான்." பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருந்தது. முந்தினநாள் காலையில் ஏரிக்கரையில் போலீசுக்காகப் படம் எடுத்ததும் அதே ஸ்டுடியோ என்று வாசலில் நின்ற ஆட்கள் சொன்னார்கள். எவ்வளவு ஆச்சு என்று யாரும் கேட்காமலே அந்தம்மா சொன்னார். எட்டு காப்பி, ஒரு பெருசு, லேமினேசனோட சேர்த்து நூத்தி நாப்பது. இருபது பாக்கி நின்னுது, அதையும் அடுத்த வாரமே கொடுத்து அனுப்பிட்டோம் என்றார்.